உங்களுக்குத் தெரியுமா? கால் வைத்தால் சரியும் பனி

● பனிச்சரிவில் சிக்கி இறக்கும் மலையேறிகளிலும் பனிச்சறுக்குக்காரர்களிலும் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில், அந்தச் சரிவைக் கிளப்பிவிட்டது அவர்களுடைய சொந்தக் காலோ, கூட வந்தவரின் காலோதான். மலை தானாகக் கிளம்பி வந்து ஆளை அமுக்குவது குறைவு. அமெரிக்கா, கனடா, ஆல்ப்ஸ் என்று எந்தப் பக்கத்து விபத்துக் குறிப்பைப் புரட்டினாலும் கணக்கு ஏறக்குறைய இதேதான். கேட்கச் சங்கடமாக இருந்தாலும் இதில் ஒரு வசதி உண்டு. எந்தச் சரிவில் கால் வைப்பது, எதைச் சுற்றிக்கொண்டு போவது என்பது நம் கையில் இருக்கிறது.

● சினிமாவில் கதாநாயகன் பள்ளத்தாக்கில் நின்று காதலியின் பெயரைக் கத்துவான். எதிர்மலை பொலபொலவென்று சரியும். நிஜத்தில் மனிதக் குரலுக்கு அந்தச் சக்தி கிடையாது. சுவிட்சர்லாந்தின் பனி ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டே காட்டிவிட்டார்கள். கத்தல் உண்டாக்கும் அழுத்தம், பனியடுக்கை உடைக்கத் தேவையான அழுத்தத்துக்குப் பக்கத்தில்கூட வராது. பக்கத்தில் குண்டு வெடித்தால் உடையும். எழுபது கிலோ ஆள் ஒருவர் நடந்தாலும் உடையும். ஆகவே தாராளமாகக் கத்தலாம். நடப்பதில்தான் கவனம் வேண்டும்.

● பனிச்சரிவு என்றதும் தூளாகக் கொட்டும் பனிதான் நினைவுக்கு வரும். அது அவ்வளவு ஆபத்தில்லை. ஆளைக் கொல்வது பலகைச் சரிவு. மேலே இறுகிப்போன பனி ஒரே தகடாக இருக்கும். அடியில் பிடிப்பில்லாத மெல்லிய அடுக்கு ஒன்று ஒளிந்திருக்கும். கால் பட்டதும் அடியிலுள்ள அடுக்கு நொறுங்க, விரிசல் கண்ணிமைக்கும் நேரத்தில் சரிவு முழுக்க ஓடிவிடும். தகடு உடையும் கோடு பெரும்பாலும் நமக்கு மேலே இருக்கும், நாம் தகட்டின் நடுவில் நிற்போம். சில விநாடிகளிலேயே வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். பெரிய தூள்மேகச் சரிவுகள் 300 கிலோமீட்டர் வேகத்தையும் தொட்டிருக்கின்றன. "பார்த்ததும் ஓடிவிடலாம்" என்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை திரும்பப் படிக்கட்டும்.

● பனி குறைவாக விழுந்த குளிர்காலம், நிறைய விழுந்த குளிர்காலத்தைவிட ஆபத்தாக இருக்கலாம்!

காரணம் வெப்ப வித்தியாசம். பனிக்கு அடியிலுள்ள தரை ஏறக்குறைய 0 பாகையிலேயே இருக்கும். மேலே காற்று மைனஸ் 20-க்கு இறங்கியிருக்கும். நடுவில் இரண்டு மீட்டர் பனி இருந்தால் அந்த வித்தியாசம் மெதுவாகப் பரவி அடங்கிவிடும். அரை மீட்டர்தான் இருக்கிறது என்றால் கீழிருந்து நீராவி விறுவிறுவென்று மேலே ஏறி, வழியிலுள்ள பனித்துகள்களைக் கோணல் முனைகள் கொண்ட படிகங்களாக மாற்றிவிடும். 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 1 பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இந்த மாற்றம் தொடங்கிவிடும் என்பது களத்தில் வழங்கும் கணக்கு. அந்தப் படிகங்களைக் கையில் அள்ளினால் ரேஷன் கடைச் சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் உதிரும். உருண்டை பிடிக்கவே வராது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பனியின் ஆழம் குறைவு, குளிர் அதிகம். பனிச்சரிவுச் சாவு அந்நாட்டில் அதிகம் பதிவாவதும் அங்கேதான். நம் பக்கத்தில் லடாக், காரகோரம் மலைகளின் பனியும் இந்த வகைதான்.

● தெளிந்த வானம், காற்றில்லாத இரவு, கடுங்குளிர். காலையில் பார்த்தால் பனிப்பரப்பு முழுக்க மெல்லிய இறகு வடிவப் படிகங்கள் வெயிலில் மின்னும். எல்லாரும் செல்போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். மலை வழிகாட்டிக்கோ வயிற்றைக் கலக்கும். அடுத்த பனி இதன்மேல் விழுந்து மூடிவிட்டால், அந்த அழகு அப்படியே பலவீன அடுக்காகி வாரக்கணக்கில் உள்ளே காத்திருக்கும். கனடாவில் முன்னறிவிப்பாளர்கள் இப்படிப் புதைந்த அடுக்குகளுக்குப் புதைந்த தேதியையே பெயராக வைத்துவிடுகிறார்கள். மார்ச் மாதம் வந்தபின்னும் ஜனவரித் தேதி ஒன்றைச் சொல்லி எச்சரிப்பார்கள்.

● சமதளமான பனியில் நடக்கும்போதே காலடியில் "வூம்ப்" என்று ஓர் அடக்கமான சத்தம் கேட்கும். சில சமயம் நிற்கிற இடமே ஓர் அங்குலம் இறங்கும். உள்ளே பலவீன அடுக்கு உடைந்ததற்கு அதுதான் அத்தாட்சி. காலைச் சுற்றி விரிசல் ஓடினாலும் இதே அர்த்தம். இதைவிடத் தெளிவாக மலையால் சொல்ல முடியாது. இந்தச் சத்தம் கேட்டபிறகும் செங்குத்தான சரிவுக்குள் போவதில் எந்த நியாயமும் இல்லை. தட்டையான இடத்தில் நின்று கிளப்பிவிட்ட விரிசல், தள்ளியிருக்கும் சரிவைக்கூட அவிழ்த்துவிடும். மேலே உள்ள சரிவு நம் தலையில் இறங்க, நாம் அதில் ஏறியிருக்கவே வேண்டியதில்லை.

● பலகைச் சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகைச் சாய்வில்தான் நடக்கின்றன. மிக அதிகம் 38 பாகையை ஒட்டி. அதைவிட ரொம்பச் செங்குத்தான இடத்தில் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துகொண்டே இருக்கும். 30-க்குக் கீழே தகடு கிளம்புவது அரிது. சிக்கல் என்னவென்றால், பனிச்சறுக்குக்கு ரசமான சாய்வும் இதே 30–45தான்.

சாய்வைக் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். செல்போனில் சாய்வுமானி இருக்கிறது. ஊன்றுகோலைப் பனிமேல் சாய்வாகப் படுக்க வைத்து, அதன்மேல் போனை வைத்தால் போதும். வரைபடத்தில் பார்ப்பதென்றால் 1:50,000 அளவில், சமஉயரக் கோடுகள் 40 மீட்டர் இடைவெளியில் வரைந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே 1.4 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அந்த இடம் 30 பாகையைத் தாண்டிவிட்டது. ஸ்கேலை வைத்துப் பார்க்கிற வேலையை வீட்டிலேயே, சூடான காபியோடு முடித்துவிடலாம்.

● வானத்திலிருந்து விழும் பனியைப்போலப் பத்து மடங்கு வேகத்தில் காற்று ஒரு சரிவில் பனியைக் குவிக்கும். மலைமுகட்டின் ஒரு பக்கத்தைச் சுரண்டி மறுபக்கத்தில் கொட்டும். அதனால் நீலவானம் பளிச்சென்று இருக்கிற, ஒரு துளி பனியும் விழாத நாளிலும் ஆபத்து ஏறிக்கொண்டே போகலாம். முகட்டிலிருந்து வெண்புகை கிளம்புவதுபோல் தெரிந்தால், எதிர்ப்பக்கத்தில் அந்த நேரம் தகடு தயாராகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

● புயல் அடிக்கும்போது யாரும் வெளியே போவதில்லை. ஓய்ந்த மறுநாள் வெயில் வந்ததும் ஊரே கிளம்பும். புதிதாக ஏறிய பாரம் இன்னும் செட்டாகாமல் இருக்கும் நாளும் அதுவே. விபத்துகள் அந்த நாளில் குவிவதில் ஆச்சரியமில்லை.

● ஐரோப்பா 1993-லிருந்து பனிச்சரிவு ஆபத்தை 1 முதல் 5 வரை எண்ணிட்டு அறிவிக்கிறது. சாவு எந்த எண்ணில் அதிகம்? ஐந்திலும் இல்லை, நான்கிலும் இல்லை. மூன்றில்! நான்கு, ஐந்து என்றால் பாதைகளை மூடிவிடுவார்கள், ஆட்களும் அடங்கி உட்கார்ந்துவிடுவார்கள். மூன்று என்றதும் "நடுத்தரம்தானே" என்று மனம் சமாதானம் சொல்லிக்கொள்கிறது. உண்மையில் இந்த அளவுகோல் படிப்படியாகச் சீராக ஏறுவதில்லை, ஒவ்வொரு எண்ணிலும் ஆபத்து மடங்காகப் பெருகும். ஆங்காங்கே ஒரே ஓர் ஆளின் எடைக்கே சரியும் அளவுக்குப் பனி இருக்கிறது என்பதுதான் மூன்றின் பொருள். தேர்வில் 35 மார்க்கைப் பாஸ் என்று பழகிய நாம் இந்த எண்ணிடம் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

● இந்தியாவில் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுவது ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஒரு பிரிவு. 1969-ல் மணாலியில் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் என்று தொடங்கியது. 2020-ல் வேறொரு ஆய்வகத்தோடு இணைத்துப் பெயரை மாற்றினார்கள். ஜம்மு காஷ்மீர், இமாச்சல், உத்தராகண்ட் மாவட்டங்களுக்கு "இத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல்" என்று குறிப்பிட்டு அறிவிப்பு வரும். தொலைக்காட்சியின் அடிவரியில் ஓடி மறைகிற செய்திதான். குல்மார்க்கிலோ மணாலியிலோ அறை போட்டிருப்பவர்கள் மட்டும் அந்த மீட்டர் கணக்கைக் குறித்துக்கொண்டு, தாம் போகும் இடத்தின் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

● சிக்கிமில் 2023 ஏப்ரல் 4-ஆம் தேதி நாதுலா சாலையோரம் பனியில் விளையாடிக்கொண்டிருந்த சுற்றுலாப் பயணிகள்மேல் சரிவு இறங்கியது. 7 பேர் இறந்தார்கள். 13-ஆவது மைல் வரைதான் அனுமதி, பலர் 15-ஆவது மைல் வரை போயிருந்தார்கள் என்றார்கள் அதிகாரிகள். மலையேறும் உடுப்போ சறுக்குப் பலகையோ அங்கே யாரிடமும் இல்லை. கார் நிற்கிற இடமும் சரிவின் ஓடுபாதையாக இருக்கக்கூடும்.

● அந்த ஓடுபாதையைக் கோடையிலேயே அடையாளம் காணலாம். அடர்ந்த காட்டின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெற்றுப் பட்டை ஓடும். ஓரத்து மரங்களில் மேட்டுப்பக்கக் கிளைகள் மட்டும் முறிந்து, பள்ளத்துப்பக்கக் கிளைகள் முழுசாக இருக்கும். பட்டைக்குள் இளஞ்செடிகளும் புதரும் மட்டும் நிற்கும். அவற்றின் வயதை எண்ணினால் கடைசியாகப் பெரிய சரிவு எப்போது வந்தது என்பதுகூடத் தெரிந்துவிடும். கூடாரம் போட அங்கே இடம் வசதியாக, தட்டையாக, மரம் இல்லாமல் இருக்கும். மரம் இல்லாமல் போனதற்குக் காரணமே அந்தச் சரிவுதான்.

● பனியில் புதைந்தவர்களைக் கொல்வது பெரும்பாலும் குளிரல்ல, மூச்சுத்திணறல். முழுசாகப் புதைந்தவர்களில் முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டால் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். பனிக்குள் காற்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நாம் விடும் மூச்சின் ஈரம் முகத்துக்கு முன்னால் உறைந்து பனிக்கட்டி முகமூடியாகி, வெளிக்காற்று வர விடாமல் அடைத்துவிடும். விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரும். கரியமில வாயு ஏறும். வாய்க்கு முன்னால் கைகளை வைத்து ஒரு சின்ன இடைவெளி கிடைத்தவர்களுக்கு வாய்ப்பு கூடுவது இதனால்தான். தவிர, இறப்பவர்கள் எல்லாருமே மூச்சு முட்டி இறப்பதில்லை. மேற்குக் கனடாவில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் மரத்திலோ பாறையிலோ மோதிய காயத்தால் இறக்கிறார்.

ஹெலிகாப்டர் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் காப்பாற்ற முடிந்தவர் பக்கத்தில் நிற்கும் கூட்டாளி ஒருவர்தான். எனவே ஒருவரிடம் மட்டும் கருவி இருந்து பயனில்லை. குழுவில் ஒவ்வொருவர் உடம்பிலும் பீக்கன், ஒவ்வொருவர் பையிலும் தேடுகோல், மண்வாரி. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண்.

● பீக்கன் என்பது உடம்போடு கட்டிக்கொள்ளும் சின்ன வானொலிக் கருவி. உலகம் முழுக்க எந்தக் கம்பெனிக் கருவியானாலும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைதான். நடக்கும்போது எல்லாருடையதும் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்ததும் மற்றவர்கள் தங்களுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றுவார்கள். முதல் கருவிகளில் ஒன்று 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் வந்த ஸ்காடி. பெயர் ஒரு வட ஐரோப்பியத் தொன்மத் தெய்வத்துடையது. அப்போதைய அலைவரிசை வேறு. ஐரோப்பியக் கருவியும் அமெரிக்கக் கருவியும் ஒன்றையொன்று கேட்காமல் பல ஆண்டுகள் ஓடின.

செல்போன் இதற்குப் பகை. அனுப்பும் நிலையில் 20 சென்டிமீட்டர், தேடும் நிலையில் 50 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். சட்டையின் ஒரு பையில் பீக்கனும் மறுபையில் போனுமாகக் கிளம்புகிறவர்களைக் கிளம்பும் இடத்திலேயே நிறுத்திவைத்து, ஒருவர் கருவியை மற்றவர் சோதித்த பிறகு அனுப்புவது நல்ல குழுக்களின் வழக்கம்.

● தேடுகோல் என்பது மடக்கு அலுமினியக் கம்பு, இரண்டரை முதல் மூன்று மீட்டர் நீளம். பீக்கன் குறைந்த எண் காட்டும் இடத்தில் பனிப்பரப்புக்குச் செங்குத்தாகக் குத்த வேண்டும். கிடைக்காவிட்டால் 25 சென்டிமீட்டர் தள்ளி அடுத்த குத்து, பிறகு சுருளாக வெளியே நகர்ந்து அடுத்தது. தரையில் பட்டால் 'டக்'கென்று நிற்கும். ஆள்மேல் பட்டால் மெத்தென்று திரும்பும். பட்டதும் முதலில் செய்யத் தோன்றும் காரியம் கம்பைப் பிடுங்குவது. பிடுங்கவே கூடாது! அது நிற்கிற இடத்தை விட்டால் வழி தெரியாமல் போகும்.

தோண்டுவது கம்புக்கு நேர்மேலே நின்றல்ல, பள்ளத்துப் பக்கம், ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி. கம்பில் அளவு பொறித்திருப்பார்கள். ஒரு மீட்டர் ஆழம் என்றால் ஒன்றரை மீட்டர் கீழே. பனியை மேலே வீசாமல் பின்னால் தள்ளிக்கொண்டே முன்னேற வேண்டும், ஒருவர் அள்ள மற்றவர் இழுக்க. ஓடிவந்து நின்ற சரிவுப்பனி புதுப்பனி இல்லை. ஒரு கனமீட்டர் 300 முதல் 500 கிலோ வரை இருக்கும். நின்ற உடனே இறுகிவிடும். விரலைக்கூட அசைக்க முடியவில்லை என்று பிழைத்தவர்கள் சொல்வது மிகையல்ல. ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து ஆளை எடுக்க ஒரு டன்னுக்கு மேல் பனியைப் பெயர்க்க வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் மண்வாரியை நம்பி மலைக்குப் போகாதீர்கள், அது முதல் பத்து குத்திலேயே உடைந்துவிடும்.

● 1970-களில் ஜெர்மனியின் பவேரியா மலையில் ஒரு வனக்காவலர் வேட்டையாடிய விலங்கைத் தோளில் சுமந்து வரும்போது பனிச்சரிவில் மாட்டினார். புதையாமல் மேலேயே வந்து நின்றார். குலுங்கி ஓடும் துகள்களில் பெரியது மேலே வரும் என்பது இயற்பியல். சுமையோடு சேர்ந்து அவர் 'பெரிய துகள்' ஆகிவிட்டார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் இழுகயிற்றை இழுத்ததும் ஊதிக்கொள்ளும் காற்றுப்பை முதுகுப்பை. 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், பெரிய சரிவில் சிக்கியவர்களிடையே, ஊதிய பை இருந்தால் இறப்பு 22 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாகக் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். பாதியாகிறது, பூஜ்யமாகவில்லை. பையை வாங்கிவிட்டோம் என்ற தெம்பில் கூடுதல் செங்குத்துக்குப் போகிறவர்கள் அந்தப் பாதியையும் தின்றுவிடுகிறார்கள்.

● சந்தேகத்துக்கிடமான இடத்தைக் கடந்தே ஆக வேண்டும் என்றால் ஒருவர் ஒருவராகக் கடக்க வேண்டும். மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யாரேனும் அடித்துச் செல்லப்பட்டால் கடைசியாகத் தலை தெரிந்த இடம்தான் தேடலின் தொடக்கப்புள்ளி. ஊன்றுகோலின் வார்களைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம், அது கையை அடியில் இழுக்கும். கூட்டமாகப் போனால் பாரமும் கூடும், தோண்ட ஆளும் மிஞ்சாது.

● பனியைச் சோதிக்க ஓர் எளிய வழி: குழி வெட்டி, 30-க்கு 30 சென்டிமீட்டர் தூண் ஒன்றைப் பிரித்து நிறுத்துங்கள். மேலே மண்வாரித் தகட்டை வையுங்கள். மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10 தட்டு, தோளிலிருந்து கையை வீசி 10 தட்டு. எந்தத் தட்டில் எந்த அடுக்கு உடைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் பத்துக்குள் ஒரு அடுக்கு வெட்டி எடுத்ததுபோல் வழுக்கிக்கொண்டு வந்தால் திரும்பிவிடலாம். உடையவில்லை என்றால் போகலாமா? அப்படி இந்தச் சோதனை சொல்வதில்லை. பத்தடி தள்ளிப் பனி வேறாக இருக்கலாம். திரும்பச் சொல்ல மட்டும் அதற்கு அதிகாரம் உண்டு.

● ஈரப்பனிச் சரிவு வேறு ரகம். வெயிலேற ஏற உருகிய நீர் உள்ளே இறங்கிப் பிடிப்பைக் கரைத்துவிடும். வேகம் குறைவு, எடை பயங்கரம். மலையேறிகள் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குக் கிளம்புவது சூரியோதயப் படத்துக்காக அல்ல. இரவில் இறுகிய பனி இளகுவதற்குள் திரும்பிவிட வேண்டும். பூட்ஸ் கணுக்கால் தாண்டிப் புதையத் தொடங்கினாலோ, மேலிருந்து பனியுருளைகள் தாமாக உருண்டு வந்தாலோ, அன்றைய கடை மூடியாயிற்று.

● 2014 அக்டோபர் 12-ஆம் தேதி ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறியது. இரண்டே நாளில் அதன் மிச்சம் நேபாளத்தின் அன்னபூர்ணா மலைப்பாதையில் பனியாகக் கொட்டியது. அக்டோபர் அங்கே உச்சப் பருவம். 5,416 மீட்டர் உயரத்திலுள்ள தோரோங் லா கணவாயில் மலைநடைக்காரர்களும் வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் மாட்டிக்கொண்டார்கள். பனிச்சரிவிலும், வழிதப்பிக் குளிரிலும் 43 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். வங்கக்கடல் புயல் என்றால் கடலூர், நாகப்பட்டினம், நெல்லூர் என்றுதான் நாம் வரைபடம் பார்க்கிறோம். இமயத்துக்குக் கிளம்புகிறவர்கள் அதே வரைபடத்தை வடக்கே நகர்த்தியும் பார்க்க வேண்டும்.

● சியாச்சினில் 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி ஏறக்குறைய 19,600 அடி உயரத்துக் காவல் நிலையத்தின்மேல் பனிச்சுவர் சரிந்தது. புதைந்த 10 பேரும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள், வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்கு உடல்கள் வந்து சேர்ந்தன. நாய்களும் பனி துளைக்கும் கருவிகளுமாகத் தேடியவர்கள், ஆறாம் நாள் கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு கண்டார்கள். கூடாரத்துக்குள் காற்றிடம் கிடைத்திருந்தது. டெல்லி ராணுவ மருத்துவமனையில் பிப்ரவரி 11-ஆம் தேதி அவரும் இறந்தார். மேலே சொன்ன 10 நிமிடக் கணக்கின்படி ஆறு நாள் என்பது நடக்கவே கூடாத ஒன்று. காற்றிடம் இருந்தால் கணக்கு மாறும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

● இதே காரணம்தான் 2025 பிப்ரவரி 28-ஆம் தேதி பத்ரிநாத்தை அடுத்த மாணாவிலும் பலரைக் காத்தது. எல்லைச் சாலை அமைப்பின் 54 தொழிலாளர்கள் சிக்கினார்கள். பலர் இரும்புக் கன்டெய்னர்களுக்குள் இருந்தார்கள். 46 பேர் பிழைத்தார்கள், 8 பேர் இறந்தார்கள்.

● 2022 அக்டோபர் 4-ஆம் தேதி உத்தராகண்டில் திரௌபதி கா டண்டா-2 சிகரத்தில் பலியானவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்ல, உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சியாளர்களும் மாணவர்களும். பலி எண்ணிக்கை 27-க்கும் மேல். அந்த ஆண்டு மே மாதம்தான் எவரெஸ்ட்டையும் மகாலுவையும் 16 நாளுக்குள் ஏறியிருந்த சவிதா கன்ஸ்வாலும் அவர்களில் ஒருவர்.

● தேர்ச்சி பெற்றவர்களே ஏன் மாட்டுகிறார்கள்? அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்கேமன் 715 விபத்துகளை எடுத்து அலசினார். பனியைப் பற்றித் தெரியாதது காரணமாகப் பல இடங்களில் இல்லை. தெரிந்ததை ஓரங்கட்டிய மனக்கணக்குகள்தான் காரணம். பழகிய இடம் என்ற தைரியம். மற்றவர் காலடித்தடம் ஏற்கெனவே இருப்பது. பக்கத்துக் குழு முந்திவிடுமோ என்ற பதற்றம். "அண்ணனுக்குத் தெரியாததா, அவர் பார்த்துக்குவார்" என்று ஒருவர் தலையில் பாரத்தைப் போட்டுவிடுவது. அந்த அண்ணனோ, கூட வருகிறவர்கள் ஒன்றும் சொல்லாததால் சரியாகத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொன்றையும் சேர்க்கலாம்: "ரிட்டன் டிக்கெட் போட்டாச்சு, லீவு ஞாயிற்றுக்கிழமையோட முடியுது." பனிக்கு ஐஆர்சிடிசி தெரியாது.

● எவரெஸ்ட்டில் 2014 ஏப்ரல் 18-ஆம் தேதி 16 நேபாளத் தொழிலாளர்களைக் கொன்றது பனித்தகடு அல்ல, மேலே தொங்கிக்கொண்டிருந்த பனிப்பாளத்தின் துண்டு. இந்த வகைக்குச் சாய்வுமானியும் தட்டுச் சோதனையும் உதவாது. எப்போது உடையும் என்று சொல்ல ஆளில்லை. அதன் கீழே நிற்கும் நேரத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

● 1910-ல் நான்கே நாளில் வட அமெரிக்காவின் இரு பெரும் ரயில்பாதைப் பனிச்சரிவுகள் நடந்தன. மார்ச் 1-ஆம் தேதி அமெரிக்காவின் வெலிங்டனில், பனியில் பல நாளாக நின்றுகொண்டிருந்த இரண்டு ரயில்கள் பள்ளத்தில் தள்ளப்பட்டு 96 பேர் இறந்தார்கள். 4-ஆம் தேதி கனடாவின் ரோஜர்ஸ் கணவாயில் ஒரு சரிவை அகற்றிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மேல் எதிர்மலையிலிருந்து மற்றொன்று விழுந்து 58 பேர் மாண்டார்கள், பலர் ஜப்பானியர். ரயில் நிறுவனம் 1916-ல் சுரங்கம் போட்டுக் கணவாயை விட்டே விலகியது. பின்னாளில் அங்கே நெடுஞ்சாலை வந்தபோது ராணுவம் பீரங்கியோடு வந்தது. பனி பெரிதாகச் சேருமுன் குண்டு போட்டு, சாலையில் ஆளில்லாத நேரத்தில் சிறிது சிறிதாகச் சரியவிடுகிறார்கள்.

● ஆல்ப்ஸ் மக்கள் பீரங்கிக்கு முன்பே வழி கண்டவர்கள். சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட்டில், ஊருக்கு மேலுள்ள காட்டில் மரம் வெட்டக் கூடாது என்று 1397-லேயே தடைப்பத்திரம் எழுதிவிட்டார்கள். டாவோஸை ஒட்டிய ஃபிராவன்கிர்க் தேவாலயத்தின் பின்சுவர், மலையைப் பார்த்துக் கூர்முனையாகக் கட்டப்பட்டது. சரிவு வந்தால் இரண்டாகப் பிளந்து இருபுறமும் ஒதுங்கும். சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மக்களின் இந்தப் பனிச்சரிவு அறிவை யுனெஸ்கோ 2018-ல் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அப்படியும் 1999 பிப்ரவரி 23-ஆம் தேதி ஆஸ்திரியாவின் கால்ட்யூரில், ஆபத்து வரைபடம் பத்திரமான பகுதி என்று காட்டிய வீடுகள்வரை சரிவு வந்தது. 31 பேர் இறந்தார்கள். வரைபடங்களைத் திருத்தினார்கள், தடுப்புச்சுவர் எழுப்பி, அதனுள்ளேயே ஒரு அருங்காட்சியகத்தையும் கட்டினார்கள்.

● பனியில் ஆள் தேடிய செயின்ட் பெர்னார்டு நாய்களில் புகழ்பெற்ற பாரி, 1800 முதல் 1814 வரை வாழ்ந்தது. 40 பேருக்கு மேல் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். பாடம் செய்த அதன் உடல் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கழுத்தில் பிராந்திப் பீப்பாய் மட்டும் கற்பனை. 1820-ல் ஓர் ஆங்கில ஓவியர் வரைந்த படத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. இன்றைக்குத் தேடல் வேலையில் இருப்பவை ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார், பார்டர் காலி. செயின்ட் பெர்னார்டு ஹெலிகாப்டரில் ஏற்றுவதற்கு ரொம்பக் கனம். பிராந்தியைப் பொறுத்தவரை, உறைந்தவருக்கு அதைக் கொடுத்தால் தோலுக்கடியிலுள்ள ரத்தக்குழாய்கள் விரிந்து, மிச்சமிருக்கும் உடல்சூடும் வேகமாக வெளியேறும். நினைவு தெளிவாக இருந்து, விழுங்க முடிந்தால், சர்க்கரை போட்ட சூடான டீ கொடுங்கள்.